மொக்கைச்சாமியின் கைராசி

கொப்புளம் கிளம்பியது முனீஸின் முழங்கையில். ஆனால் அதைக் கண்டு கலங்கியவன் முனீஸ் அல்லன். பக்கத்து வீட்டு மொக்கைச்சாமிதான் கலங்கிப் போனார்.

"எங்க, கையக் காட்டு" என்று அவனுடைய கையைப் பற்றி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நடுவில் மஞ்சளாய்ச் சீழ் கட்டியிருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து மினுமினுத்தது.

"சூட்டுக் கொப்புளம்ண்ணே. நாள் பூரா ஓவர்லாக் மெசினு முன்னாடி உக்காந்திருந்தா வேற என்ன வரும்?" என்றான் முனீஸ்.

"சூடுன்னா எனக்குமில்ல வரணும்? நானும் அதே கம்பெனிலதான கெடக்கேன். இது வேற எங்கிட்டோ இருந்து வந்தது. எங்க போன, யாரத் தொட்ட, யோசிச்சுச் சொல்லு."

"ஒத்தக் கொப்புளத்துக்கு இம்புட்டு விசாரணையாண்ணே? போலீஸ் ஸ்டேசன்ல கூட ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் கேப்பாங்க."

மொக்கைச்சாமி சிரிக்கவில்லை. அவர் பெருமாநல்லூரை அடுத்த ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். கைக்குழந்தைகளுக்கான சட்டைகளே அங்கே தயாராயின. ஒரு சட்டையில் எண்ணெய்க் கறை தென்பட்டால், அது எந்த மெஷினில், எவர் கையில் பட்டது என்று பின்னோக்கித் துருவிச் சென்று ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். குற்றம் என்று ஒன்று இருந்தால் குற்றவாளி என்று ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்பதும், அவன் எப்போதும் தமக்கு எதிரில் நிற்பவனாகவே இருப்பான் என்பதும் அவர் கண்ட அனுபவம்.

கலக்கத்திற்குக் காரணம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய ஒரே மகள் நாகஜோதிக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். சம்பந்தியம்மாளோ, "திருப்பூருல சாயத்தண்ணியும் சாக்கடையுமாக் கெடக்குமாமே" என்று சபையிலேயே முகம் சுளித்திருந்தாள். "எங்க காம்பவுண்டுல வந்து பாருங்க, தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம்" என்று மார்தட்டிவிட்டு வந்தவர் மொக்கைச்சாமி. அந்தக் காம்பவுண்டிலேதான் இப்போது சீழ்க் கொப்புளம் கிளம்பியிருந்தது.

காம்பவுண்டு என்பது கிட்டுசாமி என்னும் உள்ளூர்க்காரர் தம் தோட்டத்தை அழித்துக் கட்டிய லைன் வீடுகள். எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவில் சிமெண்டு வாசல். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தண்ணீர்த் தொட்டி. தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களே பெரும்பாலும் குடியிருந்தன. கடைக்கோடி அறையில் மட்டும் பீகார் இளைஞர்கள் சிலர் தங்கியிருந்தனர்.

வாரம் திரும்புவதற்குள் முனீஸின் மனைவி சித்ராதேவிக்கு மோவாயிலும், அவர்களுடைய சிறுமிக்கு மூக்கின் ஓரத்திலும் கொப்புளங்கள் கிளம்பின. சிறுமியின் கொப்புளம் உடைந்து, தேன் காய்ந்தாற்போல் பொருக்குக் கட்டியது.

மொக்கைச்சாமியின் மனைவி மூக்கம்மாள் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னாள். "ஆத்தா பாத்திருக்கா. சோப்புப் போடாதீக, குளிக்காதீக, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடுங்க."

அரைத்தது மூக்கம்மாள், போட்டவர் மொக்கைச்சாமி. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, வந்தவர்களுக்கு வந்த இடத்திலும், வராதவர்களுக்கு வராதிருக்கும் பொருட்டு நெற்றியிலும் கன்னத்திலுமாகத் தம் கையாலேயே பூசினார். காம்பவுண்டு முழுதும் மஞ்சள் முகங்களாய்த் திரிந்தன. குளியல் நின்றுபோயிற்று. ஆத்தா மனம் இரங்கவில்லை. வராதிருந்தவர்களுக்கும் வந்தது.

"நீ சொன்ன வைத்தியத்துலதான் பரவிருச்சு" என்றார் மனைவியிடம்.

"நான் அரைச்சதோட சரி. ஊருல எவன் முதுகு அரிச்சாலும் ஓடிப் போயி நீயில்ல சொறியிற?" என்றாள் மூக்கம்மாள்.

அடுத்த நாள் மருந்துக்கடைக்குப் போய்ப் புண்ணுக்குப் போடும் களிம்பு கேட்டார்.

"யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"எல்லாத்துக்கும்."

கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, இருப்பதில் பெரிய டப்பாவை எடுத்து வைத்தார். அதை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் வேலையைப் பிறரிடம் விட்டால் உருப்படாது என்பது மொக்கைச்சாமியின் கொள்கை. காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன், டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். ஆண்கள் கையை நீட்டுவார்கள். பெண்கள் பிள்ளைகளை நீட்டுவார்கள். ஒரே விரல், ஒரே டப்பா. விரல் புண்ணுக்கும் டப்பாவுக்குமாகப் போய் வந்துகொண்டிருக்கும்.

இந்தத் திருப்பணியின் நடுவே ஒரு நாள் சித்ராதேவிதான் அதைக் கவனித்துச் சொன்னாள்.

"அண்ணே, இத்தனை பேருக்கு மருந்து போடுறீங்க. உங்க மேல ஒரு பொட்டுக் கூட இல்ல பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். மொக்கைச்சாமியின் மேனி, இஸ்திரி போட்ட சட்டையைப் போல் மாசு மறுவின்றி இருந்தது.

"அதான் கைராசிங்கிறது" என்றான் முனீஸ். அவனுக்கு இப்போது அக்குளிலும் ஒன்று கிளம்பியிருந்ததால் கையைப் பாதி தூக்கிய நிலையிலேயே பேசினான். "அண்ணன் கை பட்டா எரிச்சல் சட்டுனு அடங்குதுல்ல?"

எரிச்சல் அடங்கியது களிம்பினால். ஆயினும் பெயர் கைக்குப் போயிற்று. அன்று முதல் புதிதாகக் கொப்புளம் கண்டவர்கள் தாமே மருந்து போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். மொக்கைச்சாமி வேலையிலிருந்து திரும்பும் வரையில் காத்திருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கிட்டுசாமியே ஒரு மாலை சட்டைக் காலரை விலக்கிப் பிடரியைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க மொக்கைச்சாமி, நெம்ப வலிங்க. தலையணையில தலை வெக்க முடியறதில்ல. உங்க கையில கொஞ்சம் தடவி உடுங்க."

"உங்களுக்கு எப்படீங்க வந்துச்சு?"

"தெரியலீங்க. போன வாரம் நீங்க வந்து தோள் மேல கை போட்டுப் பேசிட்டிருந்தீங்கல்ல, அடுத்த நாளே அரிப்பு எடுத்துச்சு. நீங்க அப்பவே கொஞ்சம் மேல தடவியிருந்தா வந்தே இருக்காதுங்க."

மொக்கைச்சாமி மிகுந்த பணிவோடு தடவி அனுப்பினார். அப்படிப்பட்ட பணிவு, மனத்துக்குள் பெருமை பொங்குகிறவர்களுக்கே வரும்.

ஆனால் மகளை நினைக்கும்போது அந்தப் பெருமை வாடிவிடும். நாகஜோதி நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, "எப்பப்பா வந்து கூட்டிட்டுப் போற?" என்பாள். "வேன் சொல்லிட்டுருக்கேன் தாயி" என்று ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

துண்டுதான் காரணம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தோன்றிற்று. அழுக்குத் துண்டில் துடைத்தால் புண் எப்படி ஆறும்? கம்பெனியில் வெட்டிக் கழித்த பனியன் துணியை மூட்டையாகக் கேட்டு வாங்கி வந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதுவரையில் நல்ல யோசனைதான். மாலையில் அத்தனையையும் திரும்பப் பெற்று, ஒரே டிரம்மில் போட்டு, பச்சைத் தண்ணீரில் தாமே அலசி, கொடியில் அரைகுறையாய்க் காய்ந்ததும் கையில் கிடைத்ததை எடுத்துக் கையில் கிடைத்தவருக்குக் கொடுத்தார். துணி எல்லாம் ஒரே வெள்ளை. எது யாருடையது என்று துணிக்கே தெரியாது. காம்பவுண்டில் அது வரையில் கொப்புளம் காணாத இடங்களிலும் கண்டது. சிலர் உட்காரவில்லை. காரணம் கேட்பது நாகரிகமாகாது என்று பிறர் கேட்கவும் இல்லை.

செய்தி கம்பெனிக்கு எட்டிற்று. மேனேஜர் வாயிலில் நின்று, காம்பவுண்டு ஆட்களைச் சட்டையை மடித்துக் கையைக் காட்டச் சொன்னார்.

"கைக்குழந்தை போடுற துணி. புண்ணோட ஒருத்தரும் பீஸைத் தொடக் கூடாது. ஆறினப்புறம் வந்தாப் போதும்" என்றார்.

மொக்கைச்சாமியும் சட்டையை மடித்தார். மேனேஜர் அவருடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க ஒருத்தர்தான் சுத்தமா இருக்கீங்க. உள்ள போங்க" என்றார்.

அன்று மாலை கம்பெனி வேன் மொக்கைச்சாமி ஒருவரை மட்டும் ஏற்றி வந்து இறக்கிற்று. காம்பவுண்டு வாசலில் ஆண்களும் பெண்களும் வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள். ஈக்கள் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தன. சித்ராதேவியின் மகள் கன்னத்துப் பொருக்கை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருக்க, அவளை அடிப்பதற்குக் கூடச் சித்ராதேவிக்குத் தெம்பில்லை.

இந்தச் சமயத்தில் கம்பெனியில் ஏற்றுமதிக்கு அவசரம் வந்தது. மொக்கைச்சாமி இரண்டு வாரம் செக்கிங் அறையிலேயே தங்கி, மூட்டைகளின் மேல் படுத்து எழுந்து வேலையை முடித்தார். அவர் திரும்பி வந்தபோது காம்பவுண்டு களைகட்டியிருந்தது. புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. பழைய புண்கள் வடுவாகிக்கொண்டிருந்தன. முனீஸின் கை, கையின் இயல்பான நிலைக்கு இறங்கியிருந்தது.

"நீங்க இல்லாத நேரம் பாத்து ஓடிப் போச்சுண்ணே. உங்களுக்குப் பயந்துதான்" என்றான் அவன்.

மொக்கைச்சாமி மகிழ்ந்து போய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சென்று, வடுக்களைத் தடவிப் பார்த்து ஆறுதல் கூறி வந்தார். மகளுக்குச் சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் மறுபடியும் கொப்புளங்கள் கிளம்பின.

அவர் நிதானமாக உட்கார்ந்து யோசித்தார். கறை இடையில் நின்று, மறுபடி விழுகிறது. இடையில் இல்லாதிருந்து மறுபடி வந்தது எது? சட்டென்று புலப்பட்டது. கடைசி அறையிலிருந்த பீகார் இளைஞர்கள் பண்டிகைக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். அவர் திரும்பிய அதே நாளில்தான் அவர்களும் பைகளோடு வந்து இறங்கினார்கள்.

"அந்தப் பயகளுக்கு ஒரு கொப்புளம் கூட இல்லையே. அவங்க எப்படிக் கொடுப்பாங்க?" என்று கேட்டாள் மூக்கம்மாள்.

"அங்கதான் சூட்சுமமே இருக்கு. கொண்டாந்தவனுக்கு ஒண்ணும் வராது. சுத்தி இருக்கவனுக்குத்தான் வரும்."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசுறது கூட இல்லையேய்யா."

"பேசிக்கிட்டா வியாதியக் குடுப்பாக?"

கிட்டுசாமியிடம் போய் வழக்கை எடுத்துரைத்தார். கிட்டுசாமி பிடரியைத் தொட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"பசங்க வாடகை ஒழுங்காக் குடுக்கறானுங்களே" என்று கொஞ்சம் இழுத்தார். பிறகு, "சரிங்க. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும். காலி பண்ணச் சொல்லிப்போடறேன்" என்றார்.

அவர்களில் தமிழ் அறிந்தவன் பிண்ட்டூ ஒருவனே. மொக்கைச்சாமியின் எதிரே வந்து நின்றான்.

"அண்ணா, நாங்க சோப்பு தனி, துண்டு தனி, பக்கெட் தனி. யாரும் எங்களைத் தொடறது இல்ல, நாங்களும் யாரையும் தொடறது இல்ல. எங்க மேல ஏன் கோபம்?"

"கோபமெல்லாம் இல்லப்பா. எம் மக பிரசவத்துக்கு வர்றா. பச்சப் புள்ள பொறக்கப் போற எடம்" என்றார் மொக்கைச்சாமி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பிண்ட்டூ தலையை ஆட்டினான். அவனுக்கும் ஊரில் ஒரு கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னான். மற்றவர்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலையில் மூட்டையோடு அவர்கள் முதலிபாளையம் போகும் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றதைக் காம்பவுண்டுப் பெண்கள் கதவோரமாக நின்று பார்த்தார்கள்.

நோயின் வேர் அறுந்ததற்கு நன்றியாக மொக்கைச்சாமி அவிநாசிக்குச் சென்று வழிபட்டுத் திருநீறு கொண்டுவந்தார். பெரியவர், சிறியவர் எல்லோருடைய நெற்றியிலும் தம் கையாலேயே பட்டையாக இட்டார். அந்த வாரம் நெற்றியில் கொப்புளம் வந்தது.

அதன் பின்னர் காம்பவுண்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். சந்தேகப்படுவதற்கு வெளியாள் இல்லாமல் போய்விட்டதனால், ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டார்கள். தொட்டியடியில் குடங்கள் இடித்துக்கொண்டன. சித்ராதேவி எதிர்வீட்டு நல்லம்மாளோடு பேச்சை நிறுத்தினாள். கொப்புளமே காணாதவராக மொக்கைச்சாமி ஒருவர் மட்டும் எஞ்சி நின்றமையால், இரு தரப்பாரும் நீதி கேட்டு அவரிடமே வந்தார்கள். போகும்போது மருந்தும் போட்டுக்கொண்டு போனார்கள்.

சம்பந்தியம்மாளின் அழைப்பு ஒரு பகல் வேளையில் வந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டோம். எங்க மருமகள அனுப்புறதா இல்ல. பிரசவம் இங்கயே நடக்கட்டும்."

"தலைப்பிரசவம் தாய்வீட்டுல நடக்கலைன்னா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"பச்சப் புள்ளைக்குச் சீழ்ப் புண்ணு வந்தா மட்டும் நாலு பேரு நல்லாச் சொல்லுவாகளா? உங்க காம்பவுண்டு சுத்தமாயிருச்சுன்னு டாக்டரு சொல்லட்டும். அப்பப் பேசுவோம்."

அலைபேசி நாகஜோதியின் கைக்கு மாறிற்று. "எனக்கு அங்க வரணும்ப்பா" என்றாள் அவள்.

அதுவரையில், வெளியே தெரிந்தால் அவமானம் என்று அரசாங்கச் சுகாதார நிலையத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதிருந்த மொக்கைச்சாமி, அன்று பிற்பகலே அங்கே போய் நின்றார். கிராமச் சுகாதாரச் செவிலி அனுப்ரியா, அடுத்த நாளே மருத்துவரையும் உதவியாளர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இது அம்மையும் இல்லீங்க, சூடும் இல்லீங்க. கிருமி" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் விளக்கினாள். "ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் தோலுக்கு ஏறுது. ஒரே துண்டு, ஒரே சோப்பு, ஒரே களிம்பு டப்பா, எல்லாத்துலயும் ஏறுங்க. தினமும் சோப்புப் போட்டுக் குளிங்க. புண்ணை மூடி வெய்யுங்க. அவங்கவங்க துண்டை அவங்கவங்களே வெந்நியில தொவைங்க."

மொக்கைச்சாமி களிம்பு டப்பாவை மெல்ல வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். புண்களிலிருந்து பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டு எடுத்தார்கள். அதன் பின் எல்லோருடைய மூக்கிலும் ஒவ்வொரு குச்சியை விட்டுச் சுழற்றினார்கள். பிள்ளைகள் தும்மின. கிட்டுசாமிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எனக்கு எதுக்குத் தாயி? எம் மேல ஒண்ணும் இல்லையே" என்றார் மொக்கைச்சாமி.

"எல்லாத்துக்கும் எடுக்கோணுங்கய்யா. அடிக்கடி திரும்ப வந்துட்டே இருந்தா, எங்க இருந்து வருதுன்னு பார்க்கோணும்."

எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது! தம்மைப் போலவே சிந்திக்கும் ஒரு பெண்ணைக் கண்டதும் மொக்கைச்சாமிக்கு மனம் நிறைந்துபோயிற்று. தாமாகவே முகத்தை அண்ணாந்து கொடுத்தார்.

மாத்திரையும் வெந்நீரும் வேலை செய்தன. புண்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மேனேஜர் முனீஸையும் சித்ராதேவியையும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். சோதனை முடிவோடு அனுப்ரியா வரப்போகிறாள் என்று தெரிந்ததும், மொக்கைச்சாமி தமக்கும் மற்றவர்களுக்கும் விடுமுறை சொல்லிவிட்டுக் காம்பவுண்டு முழுவதையும் வாசலில் கூட்டி உட்கார வைத்தார். கிட்டுசாமிக்கு ஒரு நாற்காலி போட்டார். உசிலம்பட்டிக்குத் தொலைபேசி போட்டு, அலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துத் தொட்டிச் சுவரின் மேல் நிறுத்தினார். சம்பந்தியம்மாள் காதாரக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அனுப்ரியா வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் நடை தயங்கிற்று.

"ஆளு தெரிஞ்சுதா தாயி?" என்றார் மொக்கைச்சாமி.

"தெரிஞ்சுதுங்க. அய்யா, கொஞ்சம் அக்கட்டால வாங்க. தனியாச் சொல்லோணும்."

"தனியா எதுக்கு? எல்லாருந்தான அனுபவிச்சோம், எல்லாருமே கேக்கட்டும். அந்தா, எங்க சம்பந்தியம்மாளும் கேட்டுக்கிட்டு இருக்காக."

"வேண்டாங்கய்யா. சங்கடமாப் போயிரும்."

"யாருக்குச் சங்கடம்? எம் மக வந்து எறங்குறதுக்குள்ள அந்த ஆளு இந்தக் காம்பவுண்ட விட்டுக் கெளம்பணும். இதுல தாட்சண்யம் பாக்க முடியாது தாயி. பச்சப் புள்ள விசயம்."

"சொல்லிப்போடுங்க கண்ணு" என்றார் கிட்டுசாமி நாற்காலியிலிருந்து. "யாரா இருந்தாலுஞ் செரி, மொக்கைச்சாமி சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சில்லீங்க. இன்னிக்கே காலி பண்ண வெச்சுப்போடறேன்."

முனீஸ் சித்ராதேவியைப் பார்த்தான். சித்ராதேவி நல்லம்மாளைப் பார்த்தாள். நல்லம்மாள் தரையைப் பார்த்தாள். தொட்டிச் சுவரின் மேலிருந்த அலைபேசியில், "என்னவாம்? யாராம்?" என்று சம்பந்தியம்மாளின் குரல் கேட்டது.

அனுப்ரியா பெருமூச்சு விட்டாள்.

"உங்க பொண்ணு தாராளமா வரட்டுங்கய்யா, இத்தனை பேர் புண்ணுலயும் இருந்த கிருமி உங்க மூக்குலதான் குடியிருக்குது, மருந்து போட்டுச் செரியாகற வரைக்கும் நீங்கதான் வேற ஊடு பாத்துக்கோணுங்க."